மானிப்பாயும் அயற்கிராமங்களும்

யாழ்ப்பாணத்தைப் பார்க்க வருவோர் செல்லும் இடங்கள் பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டவை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில், கோட்டை, கீரிமலைக் கேணி, நயினாதீவு, காரைநகர்க் கசூரினாக் கடற்கரை என்பன அவ்வரிசையில் தவறாது இடம்பெறும். காரைநகருக்குச் செல்லும் பேருந்து நகரை நீங்கிச் சிறிது நேரத்துள் ஒரு சிறு பட்டினத்தைக் கடந்து போகும். சாளரத்தருகே இருப்போர் ஒரு சந்தையையும், கடைத் தெருவையும், கோயிற் கோபுரத்தையும், பழைய வைத்தியசாலை ஒன்றின் மதிலையும் காண்பர். வண்டி நின்று, ஆட்களை ஏற்றி இறக்கி, மீண்டும் புறப்படும். யாதோ ஓர் ஊர் என்று எண்ணி அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வர். அவ்வூரே மானிப்பாய்.

ஓர் ஊரின் பெருமையை அதன் பரப்பைக் கொண்டும், கட்டடங்களின் உயரத்தைக் கொண்டும் அளப்பதாயின் மானிப்பாயில் இறங்குவதற்குக் காரணம் அதிகம் இல்லை. அங்கு யாது செய்யப்பட்டது என்று வினாவி அளப்பதாயின், ஈழத்துத் தமிழர் வாழ்விலே அதனோடு ஒப்பிடத்தக்க சிற்றூர்கள் மிகச் சிலவே. தமிழில் அகராதி அச்சிட்ட ஊர் அது. ஈழத்தின் முதற் றமிழ்ப் பத்திரிகை வெளிவந்த ஊர் அது. மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழிலேயே வைத்தியர்களைப் பழக்கிய ஊரும் அதுவே. ஆகவே அவ்வூரையும் அதன் அயலையும் ஒரு நாள் ஆறுதலாகச் சுற்றிப் பார்ப்பது வீண்போகாது.

யாழ்ப்பாண நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தூரத்தில் மானிப்பாய் உள்ளது. பேருந்திலும் செல்லலாம், எனினும் அயலூர்களையும் பார்க்க விரும்புவோர்க்குத் துவிச்சக்கரவண்டியே ஏற்றது. நிலம் சமதரையாதலால் களைப்புத் தோன்றாது. ஓட்டுமடத்தைக் கடந்து சென்றால் முதலில் எதிர்ப்படுவது ஆனைக்கோட்டை. யாழ்ப்பாணத்து இல்லத்தரசிகளுக்கு இவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது நல்லெண்ணெய். செக்கிலே ஆட்டிய ஆனைக்கோட்டை எண்ணெய்க்குக் குடாநாடெங்கும் நெடுங்காலமாக நற்பெயருண்டு.

வரலாற்று மாணவருக்கோ ஆனைக்கோட்டை வேறொரு காரணத்தால் முக்கியமானது. 1980 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் இங்கு அகழ்வாராய்ச்சி நடாத்தியபோது பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப் புதையல் ஒன்றைக் கண்டனர். அதனுள் ஒரு சிறு முத்திரை கிடைத்தது. அதன் மேல் வரியிலே குறியீடுகளும் கீழ் வரியிலே பிராமி எழுத்துக்களும் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வெழுத்துக்களைக் ‘கோவேத’ என அறிஞர் படித்துள்ளனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இப்பகுதி மக்கள் எழுத்தைக் கையாண்டனர் என்பதற்கு விரலளவான அப்பொருள் சான்றாயிற்று. எழுத்தோடு தொடர்புடைய ஊர்களைக் காணச் செல்வோர்க்கு இது பொருத்தமான வாயில் எனலாம்.

ஆனைக்கோட்டையை அடுத்து மானிப்பாய் தொடங்குகின்றது. கோப்பாய், சண்டிலிப்பாய் என்பன போலப் ‘பாய்’ என முடியும் ஊர்ப்பெயர்களுள் இதுவும் ஒன்று. பெயர்க் காரணத்தைப் பலர் பலவாறு கூறுவர். ஊரின் நடுவே மருதடி விநாயகர் ஆலயம் விளங்குகின்றது. மருத மரத்தடியில் எழுந்தருளியமையாற் பிள்ளையாருக்கு அப்பெயர் வந்தது. சித்திரை வருடப் பிறப்பன்று இங்கே தேர்த் திருவிழா நடைபெறும். மருத்துநீர் வைத்து நீராடிப் புத்தாடை புனைந்த மக்கள், கைவிசேடம் பெற்ற கையோடு, வலிகாமத்தின் நாலாபுறத்திலிருந்தும் வந்து வடம் பிடிப்பர். ஊரைவிட்டுத் தூர இடங்களில் வாழ்வோரும் அந்நாளை நோக்கியே தம் வருகையை அமைத்துக்கொள்வர். அன்று வீதியில் ஒரு முறை நின்று பார்த்தவர்க்கு மானிப்பாய் சிற்றூராகத் தோன்றாது.

கோயிலிலிருந்து சிறிது தூரத்திலே மற்றொரு வரலாறு தொடங்குகின்றது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையங்களை அமைத்தனர். 1820 இல் உடுவிலும் பண்டத்தரிப்பும், 1821 இல் மானிப்பாயும் அவற்றோடு சேர்ந்தன. அவர்களுடைய முதல் நோக்கம் சமயம் பரப்புதலே. ஆயினும் சமயத்தைப் பரப்பப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும். 1820 இல் கறற் என்னும் அச்சுத் தொழிலாளர் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். அப்போது இலங்கையிலே தேசாதிபதியின் கடமையைப் பார்த்த சேர் எட்வேட் பாண்ஸ், அமெரிக்கர் மேலும் வருவதை விரும்பாது, அவரை நாட்டை விட்டு நீங்குமாறு கட்டளையிட்டார். அச்சுக்காரர் இந்தியாவுக்குச் சென்றார். தடை நீங்கிய பின், 1834 இல், மைனர் என்பவரின் பொறுப்பில் மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் அச்சகம் தன் பணியைத் தொடங்கியது.

அடுத்த சில ஆண்டுகளுள் அவ்வச்சகம் செய்த வேலை வியப்புக்குரியது. 1841 ஆம் ஆண்டு சனவரி 7 ஆந் திகதி ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்த அப்பத்திரிகையின் ஆசிரியர்களாக விளங்கிய ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்போர் பெயரால் ஆங்கிலேயர் போலத் தோன்றினும், பிறப்பால் யாழ்ப்பாணத்துத் தமிழரே. செய்தியும், வானசாத்திரமும், பயிர்ச்செய்கையும், சமயவாதமும் அதிலே தமிழ் வசனத்தில் எழுதப்பட்டன. செய்யுளிலேயே பெரும்பாலும் வழங்கிய மொழி, பதினைந்து நாளுக்கொரு முறை வெளிவரும் தாளில், எல்லார்க்கும் விளங்கும் வசனமாக நடைபயின்றது.

மறு ஆண்டில், 1842 இல், மானிப்பாயிலிருந்து ஓர் அகராதி வெளியாயிற்று. ‘யாழ்ப்பாண அகராதி’ எனவும் ‘மானிப்பாய் அகராதி’ எனவும் வழங்கும் அந்நூலிற் 58,500 சொற்கள் தொகுக்கப்பட்டுள்ளன. நல்லூரிலிருந்த நைற் பாதிரியார் தொடங்கிய சொற்றொகுப்பை அவர் மறைவுக்குப் பின் ஸ்போல்டிங் பாதிரியார் பொறுப்பேற்றார். உடுவில் சந்திரசேகர பண்டிதரின் தமிழ்ப் புலமை அதற்கு உருக்கொடுத்தது. பழைய நிகண்டுகளிற் சொற்கள் பொருள் வகையால் தொகுக்கப்பட்டுச் செய்யுளாய் அமைந்திருக்கும். மனப்பாடம் செய்தவரே அவற்றைப் பயன்படுத்த வல்லவர். அகராதியோ எழுத்து முறையில் அமைந்தது. எழுத்தறிந்த எவரும் தாமே திறந்து பார்க்கலாம். நைற் திரட்டியவையும் இவ்வாறு உழைத்தோர் சேர்த்தவையும் பின்னர் வின்சிலோ பாதிரியாருக்குப் பயன்பட்டன. 1862 இல் சென்னையில் வெளிவந்த அவருடைய தமிழ் ஆங்கிலப் பேரகராதியில் 67,000 க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன.

இவ்வெளியீடுகள் எதிர்ப்பின்றி வளரவில்லை. அச்சின் வன்மையை நன்கு உணர்ந்த ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதோடு, தாமும் அச்சியந்திரம் தேடிச் சென்றார். மிஷனார் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிடச் சைவர் மறுப்பு வெளியிட, தமிழ் வசனநடை இரு பக்கத்தாராலும் கூர்மை பெற்றது. வாதித்த பொருள் பழையதாயிற்று. வாதத்துக்காகத் தீட்டப்பெற்ற நடை இன்றும் தமிழருக்குச் சொந்தமாய் உள்ளது.

நாவலர் பிறந்த 1822 ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரில் மற்றொருவர் பிறந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். வைத்தியராகிய அவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். சிறிது காலம் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848 இல் மானிப்பாயைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அங்கே நோயாளரைப் பார்த்ததோடு அமையாது, இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பிலே அரசினர் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஆண்டு 1870. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடந்தது.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. ஆங்கிலம் கற்ற வைத்தியர் அரசாங்க உத்தியோகத்தை நாடித் தூர இடங்களுக்குச் சென்றனர். கிராமத்து நோயாளி முன்போலவே கைவிடப்பட்டான். தமிழிலே கற்ற வைத்தியன் தன் ஊரிலே தங்குவான், தன் மக்களோடு பேசுவான், அவர்களுடைய நோயை அவர்களுடைய சொற்களாலேயே அறிவான் என்று கிறீன் கருதினார். மருத்துவம் கற்றதனால் ஒருவர் ஊர் உடையையும் உணவையும் கைவிடுதல் தகாது என்பதும் அவர் எண்ணம். தாய்நாடு சென்று 1862 இல் மீண்டு வந்தவர், 1864 முதல் தமிழையே போதனா மொழியாக்கினார்.

அது சொல்லுக்கு எளிது, செயலுக்கு அரிது. கற்பிக்க நூல்கள் இல்லை. நூல்களை மொழிபெயர்க்கக் கலைச்சொற்கள் இல்லை. கிறீன் தமிழை முறையாகக் கற்றார். தம் மாணாக்கரை மொழிபெயர்ப்பில் ஈடுபடுத்தினார். அவர்கள் எழுதியவற்றைத் தாமே ஒப்புநோக்கித் திருத்தினார். தமிழிலே வழங்கும் சொல் உளதாயின் அதனை முதலிற் கொள்வது, இன்றேல் வடமொழியை நாடுவது, இரண்டிலும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு ஏற்பத் திரிப்பது என்னும் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். உடலின் அமைப்பையும் தொழிலையும் சுகாதாரத்தையும் கூறும் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1852 இலேயே வெளிவந்தது. ‘பிரசவ வைத்தியம்’ 1857 இலும், ‘இரணவைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என்பன 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் தொடர்ந்தன. அவை யாவும் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை.

அச்சொற்கள் இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று; சுகரணம் உடற்றொழிலியல் ஆயிற்று; இரணவைத்தியம் சத்திரசிகிச்சை ஆயிற்று; கெமிஸ்தம் இரசாயனவியல் ஆயிற்று. பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் மாணவன் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரைக் கேட்டால் நகைக்கவுங் கூடும். ஆயினும் அவன் கையிலுள்ள தமிழ்ப் பாடநூல், அப்பெயரை இடுவதற்கு ஒருவர் துணிந்தமையால் உண்டான வழியிலே வந்தது. முதலில் இடப்படும் பாலம் மரப்பாலமாகவே இருக்கும். கற்பாலம் கட்டுவோரும் அதன் மேல் நடந்தே அக்கரை சேர்தல் வேண்டும்.

கிறீனிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். 1873 இல் நோயுற்றுத் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் தமிழ் நூல்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். 1884 இல் வூஸ்ரர் நகரிலேயே காலமானார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்னும் செய்தி தம் கல்லறையிற் பொறிக்கப்படுதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். பாலர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை தமிழரே அவரை மறந்திருந்த காலத்தில், கவிஞர் அம்பி 1967 இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலால் அவர் பணியை மீண்டும் நினைவூட்டினார்.

கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி மானிப்பாயில் நிற்கின்றது. அதன் வாயிலில் நிற்போர் மனத்தில் ஒரு வினா எழாதிராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கியது. அங்கும் நாட்டின் ஏனைய மருத்துவ பீடங்களிலும் பட்டப்படிப்பு ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. உலகெங்கும் வளரும் மருத்துவ அறிவோடு தொடர்பு அறாதிருக்க ஆங்கிலம் இன்றியமையாதது என்பதை எவரும் மறார். ஆயினும் தன் நோயைத் தமிழிற் சொல்லும் நோயாளிக்கு அதன் காரணத்தையும் மருந்தின் தன்மையையும் தெளிந்த தமிழில் விளக்கும் கடமை மறைந்து விடவில்லை. கிறீன் தீர்க்க முயன்ற பிரச்சினையின் இப்பாதி இன்னமும் தீராமலே இருக்கின்றது.

மானிப்பாயைச் சூழ்ந்த கிராமங்களும் இந்தக் கதையின் கிளைகளே. கிழக்கே சென்றால் உடுவில். அங்கே 1824 இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பேரகராதி கண்ட வின்சிலோ பாதிரியாரின் மனைவியே இவர். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. தன் மகளைக் கொண்டுவந்து விடுவதற்கு ஒரு தகப்பன் பெரிதும் தயங்கினான். அப்பாடசாலையே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. அதற்குச் சிறிது தூரத்தில், மருதனார்மடத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் நிறுவிய இராமநாதன் கல்லூரி உள்ளது. சைவப் பெண்கள் தம் சமயச் சூழலிலேயே உயர்கல்வி பெறுதல் வேண்டும் என்பது அவர் நோக்கம். மானிப்பாயிலும் 1910 இல் இந்துக் கல்லூரி எழுந்தது. ஒருவர் பாடசாலை கட்ட, மற்றவர் அதற்கு மாறாக வேறொரு பாடசாலை கட்டிய போட்டி அது. போட்டியால் இழந்தவர் எவருமிலர்; பிள்ளைகளுக்கு இரண்டு பாடசாலைகள் கிடைத்தன.

உடுவிலை அடுத்த இணுவிலிலே, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மிஷனார் நிறுவிய மக்லியொட் வைத்தியசாலை உண்டு. வழியெங்கும் செம்மண் தோட்டங்கள். இங்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல் நிலத்திலே ஊறிய மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே புகையிலையும், வெங்காயமும், வாழையும் வளர்த்தனர். துலா மிதித்த காலம் போய் நீரிறைக்கும் பொறி வந்துவிட்டது; கிணறு மட்டும் மாறவில்லை.

வடமேற்கே சண்டிலிப்பாய். அங்குள்ள கல்வளைப் பிள்ளையார்மீது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய கல்வளை அந்தாதி ஈழத்துப் பிரபந்தங்களுட் புகழ் பெற்றது. குடாநாட்டின் ஒரே ஆறு எனத்தக்க வழுக்கியாறு இப்பக்கமாகவே செல்கின்றது. கோடையில் வருவோர் அதனை ஆறென நம்பமாட்டார். மாரியிலோ தெல்லிப்பழைப் பக்கத்து வெள்ளத்தைத் திரட்டிக்கொண்டு, வயல்களை நனைத்து, அராலியருகே கடனீரேரியிற் கலக்கும்.

தென்மேற்கே நவாலி. அது சோமசுந்தரப் புலவரின் ஊர். 1878 முதல் 1953 வரை வாழ்ந்த அவரை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ‘தங்கத் தாத்தா’ என்றே அறிவர். ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் உண்ணும் மகிழ்ச்சியையும், கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடியவர் அவர். பனையின் பெருமையைத் ‘தாலவிலாசம்’ என்னும் நூலாகச் செய்தவரும் அவரே. ஊரிலுள்ள பொருளைப் பாடினால் ஊர்ப் பிள்ளைக்குத் தமிழ் தானே வரும் என்பதை ஆசிரியராகிய அவர் நன்கறிந்திருந்தார்.

அதே நவாலியிலே பேசாது நிற்க வேண்டிய ஓரிடமும் உண்டு. 1995 ஆம் ஆண்டு யூலை 9 ஆந் திகதி, போருக்கு அஞ்சித் தம் வீடுகளை விட்டு வந்த மக்கள் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் அயலிலும் தங்கியிருந்தபோது, விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மானிப்பாயும் ஆளில்லாத ஊராயிற்று. அடுத்த ஆண்டில் மக்கள் திரும்பியபோது கூரையிழந்த வீடுகளையும் புல் மண்டிய வளவுகளையுமே கண்டனர். வீடு இழந்தாரோடு ஏடு இழந்தாரும் பலர். தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் வைத்துக் காத்த பழைய நூல்கள் மழையிலும் கறையானிலும் அழிந்தன. மானிப்பாயில் அச்சான நூலொன்றை மானிப்பாயிலேயே தேடிக் காண்பது அரிதாகிவிட்டது.

ஆகவே இவ்வூருக்குச் செல்வோர் வெறுங்கையோடு செல்லாது, சில வினாக்களையும் கொண்டு செல்லுதல் நன்று. பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் ஆசிரியர், கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் இங்கே வண்டியை நிறுத்தலாம். கோயில் வீதியில் நின்று தேரின் கதையைச் சொல்லலாம். வைத்தியசாலை வாயிலில் நின்று கிறீனின் கதையைச் சொல்லலாம். பழைய தேவாலயத்து வளவிலே கல்லறை எழுத்துக்களைப் பிள்ளைகளையே வாசிக்கச் செய்யலாம். ஊர்ப் பெரியவர்களை அணுகி, வீட்டில் பழைய புத்தகம் ஏதேனும் உளதா என்று பணிவோடு கேட்கலாம். உளதாயின் அதனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருதல் முறையன்று. அதன் பெயரையும், அச்சிட்ட ஆண்டையும், ஊரையும் குறித்துக்கொண்டு, அதைக் காக்கும் வழியைக் கூறி வருதலே முறை.

மாலையில் திரும்பும்போது பேருந்து மீண்டும் அச்சந்தியிலே நிற்கும். அதே சந்தை, அதே கடைத்தெரு, அதே மதில். காலையில் அவற்றைப் பார்த்து யாதோ ஓர் ஊர் என்று எண்ணிய பிள்ளை, இப்பொழுது பக்கத்திலிருப்பவனுக்கு, “இங்கேதான் மானிப்பாய் அகராதியை அச்சடித்தார்கள்; இங்கேதான் தமிழில் வைத்தியம் படித்தார்கள்” என்று சொல்லுமாயின், அந்நாட் பயணம் பயன் தந்ததாகும்.